இரண்டாவது டோஸ்

மீனுக்கு மருந்து கேட்டு வருகிறவர் பெரும்பாலும் ஒரு தடவைதான் வருவார். மீன் செத்துப்போனால், 'அந்த ஆள் கொடுத்த மருந்து சரியில்லை' என்று அடுத்த கடைக்குப் போய்விடுவார். பிழைத்துக்கொண்டால், அப்புறம் அவருக்கு என்னிடம் என்ன வேலை? கொளத்தூரில் கப்பி வளர்த்து, கடை போட்டு, கடைசியில் நோய் கண்ட மீனைப் பார்த்துச் சொல்கிறவனாக ஆகிவிட்ட எனக்கு, செத்த மீன்காரரைவிடப் பிழைத்த மீன்காரர்தான் பெரிய தலைவலி. மீனுக்கு வருகிற புழுவும் பூச்சியும் முதல் டோஸோடு ஒழிவது அபூர்வம். மருந்து பட்ட மறுநாள் மீன் தீனி எடுக்கும், துடுப்பை விரிக்கும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாவது டோஸுக்கு ஆள் வரமாட்டார். ஒரு மாதம் கழித்து அதே தொட்டியில் அதே நோய் முன்னைவிட மோசமாக நிற்கும்.

எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ரெட்டேரியை ஒட்டிய கொளத்தூர்ப் பக்கம் தெருத் தெருவாக வண்ணமீன் கடைகள். வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தொட்டி, மொட்டை மாடியில் தார்ப்பாய்த் தொட்டி என்று இடம் கிடைத்த இடத்திலெல்லாம் மீன் குஞ்சு பொரிக்கும். பொன்னேரி, செங்குன்றம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்தும் சரக்கு இறங்கும். பாலித்தீன் பையில் கொஞ்சம் தண்ணீர், மீதிக்கு ஆக்சிஜன், வாயில் ரப்பர் பேண்ட். ரயிலிலும் விமானத்திலும் நாடு முழுக்கப் போகிறது. மீன் போகிற வழியில்தான் புழுவும் போகிறது. ஒரு தொட்டியில் விட்ட வலையை உதறிவிட்டு அடுத்த தொட்டியில் விடுகிற பழக்கம் இன்னும் பல கடைகளில் இருக்கிறது. தொட்டிக்கு ஒரு வலை வைப்பதற்கு ஆகிற செலவு, செத்துப்போகிற மீனோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. சொன்னால் யாரும் கேட்பதில்லை.

நோயைப் பார்க்க எனக்கு உயிரோடு இருக்கிற மீன் வேண்டும். செத்த மீனைத் தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். ஃப்ரீசரில் போட்டு, கல்லாகிப் போனதைக் கொண்டுவருவார்கள். மீன் செத்ததுமே தோல்மேல் இருக்கிற ஒட்டுண்ணிகள் கழன்று போக ஆரம்பிக்கும். ஃப்ரீசரில் வைத்தால் மீதியும் சிதைந்துபோகும். நோய் முற்றிய மீன் ஒன்றை அது இருந்த தண்ணீரிலேயே பையில் கட்டி, தொட்டித் தண்ணீரைத் தனியாக ஒரு பாட்டிலிலும் கொண்டுவந்தால் பத்து நிமிடத்தில் ஏதாவது சொல்ல முடியும். இப்போது வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறார்கள். அதில் தெரிவது பாதி, தொட்டிக்குப் பின்னால் ஒட்டிய நீல ஸ்டிக்கர் பாதி.

அடிக்கடி வரும் புகார் கப்பி வளர்ப்பவர்களிடமிருந்து. "அண்ணா, பின்னால செவப்பா நூல் மாதிரி ஏதோ தொங்குது." முதலில் நான் கேட்பது, "என்ன தீனி போடுறீங்க?" ரத்தப்புழு போட்டிருந்தால் கழிவே சிவப்பாக இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. அது இல்லையென்றால் மீனைக் கண்ணாடிக் குடுவையில் விட்டு அசையாமல் நிற்க விடுவேன். மீன் நின்றதும் ஆசனவாயிலிருந்து மூன்று நான்கு சிவப்பு முனைகள் மெல்ல வெளியே நீளும். குடுவையைத் தட்டினால் மீன் துள்ளும், முனைகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். கழிவு ஒருநாளும் உள்ளே திரும்பிப் போகாது. இது காமலானஸ். குடலின் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கிற உருளைப்புழு. அதன் நிறமே அந்த ரத்தத்தால் வந்ததுதான்.

காமலானஸ் கோட்டி என்கிற இந்த இனத்தை 1927-இல் ஜப்பானில் ஃபுஜிட்டா என்பவர் விவரித்துப் பெயர் வைத்தார். ஹவாய்த் தீவுகளில் கொசுவை ஒழிக்கக் கொண்டுபோய் விட்ட கப்பி வகை மீன்களோடு இது அங்கேயும் போய், அந்தத் தீவுகளுக்கே உரிய ஓடை மீன்களின் வயிற்றில் குடியேறிவிட்டது. நம் ஊரிலும் கொசுவுக்காகக் கிணற்றிலும் குட்டையிலும் கப்பி விடுகிறோம். புழு கண்ட மீனைக் கொல்ல மனம் வராமல் ஏரியில் விட்டுவிட்டு வந்ததாகப் பெருமையோடு சொன்னவர்கள் உண்டு. அவர்களிடம் ஹவாய்க் கதையைச் சொல்வேன். சிலருக்கு முகம் மாறும்.

பிழைக்க வழியில்லாத மீனைக் கிராம்பு எண்ணெயில் மயக்கி, மயக்கத்திலேயே முடித்துவிடுவேன். வலியில்லாத வழி அதுதான். பிறகு வயிற்றைக் கீறிக் குடலைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பிரித்தால், அரை அங்குலம் நீளமுள்ள பெண்புழு கிடைக்கும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கிறதே, அந்த மாதிரி பழைய மைக்ராஸ்கோப் ஒன்று என்னிடம் இருக்கிறது. நாற்பது மடங்கில் பார்த்தால் புழுவின் தலையில் ஆரஞ்சு நிறத்தில், கோடு கோடாக, சிப்பி மூடியது போன்ற வாய் தெரியும். இந்த வாயைக் கண்டால் வேறு சந்தேகமே வேண்டாம். தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் உடம்பு முழுக்க ஏதோ நெளிகிறது. அது குடல் இல்லை, குஞ்சுகள். இந்தப் புழு முட்டையிடுவதில்லை, உயிருள்ள குஞ்சுகளைப் போடுகிறது. மூடித் தகட்டை ஊசியால் லேசாக அழுத்தினால் தோல் வெடித்து, சுருண்டும் துள்ளியும் அவை தண்ணீரில் கொட்டும். எண்ண முடியாது. கடைக்கு வருகிறவர்களைக் கூப்பிட்டு இதைக் காட்டிவிடுவேன். ஒருமுறை பார்த்தவர் மருந்தை அலட்சியமாக வாங்கிப் போவதில்லை.

குளத்தில் இந்தக் குஞ்சுகளை முதலில் சின்ன நீர்ப்பூச்சிகள் விழுங்க வேண்டும். அந்தப் பூச்சியை மீன் தின்ன வேண்டும். தொட்டியில் அவ்வளவு சுற்றுவழி தேவையில்லை. அடியில் நெளிகிற குஞ்சை மீன் நேராகவே கொத்தித் தின்றுவிடும், அதுவே போதும். அதனால்தான் குளத்தில் எப்போதாவது தலைகாட்டுகிற நோய், கண்ணாடித் தொட்டியில் எல்லா மீனையும் பிடிக்கிறது.

இதற்கு மருந்து லெவமிசோல். பெல்ஜியத்தில் ஜான்ஸென் நிறுவனம் 1960-களில் கண்டுபிடித்தது. நம் ஊரில் ஆடு மாடுகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுப்பது. அது புழுவைக் கொல்வதில்லை. புழுவின் தசைகளை இறுக்கி முடக்கிவிடும். கவ்விய பிடி விட்டுப்போகும், மீன் கழிவோடு அதை வெளியே தள்ளிவிடும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் தண்ணீரிலேயே கரைத்து, 24 மணி நேரம் விட வேண்டும். 150 மில்லிகிராம் மாத்திரை என்றால் 75 லிட்டர் தண்ணீருக்கு ஒன்று. இந்த மருந்து வெளிச்சத்தில் வீரியம் இழக்கும் என்பதால் விளக்கை அணைத்து, தொட்டியைப் பழைய வேட்டியால் மூடச் சொல்வேன். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்தைக் கரியே குடித்துவிடும்.

கணக்கு தப்புவது மருந்தில் இல்லை, தொட்டியில். "எத்தனை லிட்டர் தொட்டி?" என்றால் "ரெண்டடி தொட்டிண்ணா" என்பார்கள். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால் இரண்டு கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர், ஆக 56 லிட்டர். மேலே விட்ட இடத்தையும் கீழே போட்ட கல்லையும் கழித்தால் உண்மையில் தண்ணீர் 45 லிட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். லெவமிசோல் கொஞ்சம் கூடினால் மீன் தாங்கும். எல்லா மருந்தும் அப்படி இல்லை. பக்கெட்டால் அளந்து ஊற்றி, தொட்டியின் ஓரத்தில் மார்க்கரால் கோடு போட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன். வாழ்நாளுக்கும் உதவும்.

கால்நடை மருந்துக்கடையில் வாங்குகிறவர்கள் பாட்டிலைத் திருப்பிப் படிக்க வேண்டும். லெவமிசோலோடு வேறு மருந்தைச் சேர்த்து அடைத்ததும் விற்கிறது. அது ஆட்டுக்குச் சரி, மீனுக்குச் சரியில்லை. ஐவர்மெக்டின் கலந்தது எதுவும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. புழு சாகிற அளவுக்கும் மீன் சாகிற அளவுக்கும் நடுவில் அங்கே இடைவெளி மிகக் குறைவு.

மறுநாள் செய்கிற வேலைதான் பாதி வைத்தியம். முடங்கி விழுந்த புழுவுக்கு உயிர் இருக்கும், அதன் வயிற்றில் குஞ்சுகளும் இருக்கும். அதை மீன் மறுபடி கொத்துவதற்கு முன்னால் அடியை முழுக்க உறிஞ்சி எடுத்து, முக்கால் தண்ணீரையாவது மாற்ற வேண்டும். கல் போட்ட தொட்டியென்றால் கல்லையே எடுத்துவிடச் சொல்வேன். இங்கேதான் எல்லோருக்கும் மனசு வராது. கல்லும் செடியும் பொம்மையும் வைத்து ஆசையாக அலங்கரித்திருப்பார்கள். "அது இல்லாம தொட்டி நல்லாவே இருக்காதே சார்?" உண்மைதான். மூன்று வாரத்துக்கு நன்றாக இருக்காது.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது டோஸ். முதல் தடவை மருந்துக்குத் தப்பிய குஞ்சுகள், அதற்குப் பிறகு மீன் விழுங்கியவை, எல்லாம் அதற்குள் வளர்ந்திருக்கும். மறுபடி குஞ்சு போடுகிற பருவம் வருவதற்குள் பிடிக்க வேண்டும். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். மருந்தை இரண்டு பொட்டலமாகத்தான் தருவேன். இரண்டாவது பொட்டலத்தை வீட்டில் இருக்கிற தினசரி காலண்டரில் இருபத்தோராவது நாள் தாளோடு பின் அடித்து வைக்கச் சொல்வேன். தாளைக் கிழிக்கும்போது கையில் வரும். பெரம்பூரிலிருந்து வருகிற கல்லூரிப் பையன் ஒருவன் அப்படியே செய்து, இரண்டாவது டோஸுக்கு மறுநாள் உறிஞ்சிய தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து காட்டினான். வெளியே பார்த்தால் மீன்கள் அத்தனையும் ஆரோக்கியம், ஒன்றிலும் சிவப்பு நூல் இல்லை. தண்ணீரில் மயிரிழை மாதிரி நிறம் வராத புழுக்கள் கிடந்தன. "இதெல்லாம் எங்கண்ணா இருந்துச்சு?" என்றான். "உள்ளதான்" என்றேன்.

மருந்தைத் தீனியில் கலந்தும் கொடுக்கலாம். ஃபென்பெண்டசோல் 100 கிராம் தீனிக்கு 200 மில்லிகிராம், மூன்று நாள். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி. பொடி தண்ணீரில் கரைந்து போகாமல் இருக்கக் கடல்பாசியைக் காய்ச்சி அதில் பிசைந்து, கட்டியானதும் துருவிப் போடுவேன். இதில் ஒரு சிக்கல்: நோய் முற்றிய மீன் தின்னாது. தின்கிற மீனுக்குத்தான் தீனி மருந்து. நத்தை வளர்க்கிறவர்கள் ஃபென்பெண்டசோல் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

உருளைப்புழுவுக்கு லெவமிசோல் என்றால் தட்டைப்புழுவுக்கு அது பிரயோசனப்படாது. தங்கமீனும் டிஸ்கஸும் கல்லில் உடம்பைத் தேய்க்கும், ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு இன்னொன்றால் மட்டும் மூச்சு விடும், ஏர் ஸ்டோன் பக்கத்திலேயே நிற்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இங்கே மைக்ராஸ்கோப் இல்லாமல் சொல்கிற எல்லாமே ஊகம். மார்புத் துடுப்புக்குப் பின்னால் மூடித் தகட்டின் விளிம்பால் வால் பக்கமாக ஒரு இழுப்பு. வருகிற வழுவழுப்பை ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீரில் வைத்துப் பார்த்தால், பின்முனையில் கொக்கிகளோடு ஒன்று குத்திக்கொண்டு நின்று, முன்பக்கத்தை நீட்டி நீட்டித் தேடும். தலையில் நான்கு கரும்புள்ளிக் கண்கள் இருந்தால் டாக்டைலோகைரஸ், பெரும்பாலும் செவுளில் இருப்பது. கண் இல்லாமல், வயிற்றுக்குள் இன்னொரு ஜோடிக் கொக்கி தெரிந்தால் கைரோடாக்டைலஸ். அந்த உள் கொக்கி அதன் குட்டியுடையது. அந்தக் குட்டிக்குள்ளும் அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கியிருக்கும். பிரசவத்துக்குக் காத்திராமல் பேத்தி தயார்.

இரண்டுக்கும் மருந்து பிராஸிகுவான்டெல், லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம். கண் இல்லாதது குட்டி போடுவதால் ஒரு டோஸில் பெரும்பாலும் அடங்கும். கண் உள்ளது முட்டையிடுகிறது. முட்டையை மருந்து தொடாது. முட்டை பொரிந்த பிறகு, பொரிந்தது முட்டையிடத் தொடங்குவதற்கு முன்னால், மறுபடி போட வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் முட்டை சில நாட்களிலேயே பொரிந்துவிடும் என்பதால் ஒரு வார இடைவெளியில் மூன்று முறை போடுகிறேன். ஒரே புகார், ஒரே மருந்து, ஆனால் நாள்கணக்கு வேறு. இதைத் தீர்மானிப்பது நான்கு கரும்புள்ளிகள். பிராஸிகுவான்டெல் தண்ணீரில் சுலபமாகக் கரையாது. மாத்திரையைப் பொடித்துக் கொஞ்சம் ஆல்கஹாலில் குலுக்கி ஊற்ற வேண்டும். அப்படியே போட்டால் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும், மருந்து போட்டோம் என்ற நிம்மதி மட்டும் மிஞ்சும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் வெள்ளைப் புள்ளி சீசன். கோடையில் சென்னைத் தொட்டிகளில் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் நிற்கும். அந்தச் சூட்டில் இந்த ஒட்டுண்ணியால் தலையெடுக்க முடியாது. மழை விழுந்து இரவில் தண்ணீர் குளிர்ந்ததும் வரும். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் பம்பும் ஹீட்டரும் நின்றுபோன வீடுகளில், காற்றில்லாமல் செத்தது போக மீதி இருந்த மீன்கள் மேலெல்லாம் ரவை தூவினாற்போல் புள்ளிகள். இக்தியோஃப்திரியஸ் என்று பல்லை உடைக்கிற பெயர் கொண்ட ஒற்றைச் செல் உயிர் அது. புள்ளியாகத் தெரிகிறபோது அது மீனின் தோலுக்குள் இருக்கிறது. எந்த மருந்தும் அங்கே எட்டாது. கொழுத்ததும் கழன்று அடியில் விழுந்து, கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தி வருகிற ஓரிரு நாளில்தான் உப்போ மருந்தோ அதைக் கொல்ல முடியும். ஆகவே புள்ளி மறைந்ததும் 'சரியாகிவிட்டது' என்று நிறுத்துகிறவர் சரியாக எதிரி வெளியே வருகிற நேரத்தில் நிறுத்துகிறார். தண்ணீரை மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றி, ஏர் பம்பைக் கூட்டி, லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு கரைத்து, கடைசிப் புள்ளி போன பிறகும் ஒரு வாரம் விடச் சொல்வேன். கப்பி, மோலிக்கு இதுவே போதும். விலை உயர்ந்த நீல மருந்து, பச்சை மருந்தெல்லாம் அப்புறம்.

ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்றில்லை. வாயைச் சுற்றிப் பஞ்சு படர்ந்தது போலிருந்தால் எல்லோரும் 'பூஞ்சை' என்று சொல்லி ஹீட்டரைப் போடுவார்கள். பெரும்பாலும் அது பூஞ்சையே இல்லை, காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா. சூடு ஏற ஏற அது வேகமெடுக்கும். ஒன்றுக்கு வைத்தியமாக இருப்பது இன்னொன்றுக்கு எரிகிற தீயில் எண்ணெய். காலையில் வாயில் வெள்ளை, சாயங்காலம் மீன் மிதக்கிறது என்றால் நான் முதலில் கேட்பது ஹீட்டரைப் பற்றித்தான்.

எங்கள் தொழிலில் என்ன நோயானாலும் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தண்ணீரில் தட்டுகிற பழக்கம் ஒன்று வேரோடி இருக்கிறது. தண்ணீர் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், வைத்தியம் நடக்கிறதென்று கண்ணுக்குத் தெரியும். புழுவுக்கும் பூச்சிக்கும் அது ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவுக்காவது வேலை செய்யுமா என்றால், சென்னை போர்வெல் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக் கட்டிவைத்துவிடும். உப்புத் தண்ணீர் ஏரியாவில் அது வெறும் சாயம். போதாததற்கு ஃபில்டரில் குடியிருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கும் அடி விழலாம். அம்மோனியா ஏறும், நோயால் சாகாத மீன் வைத்தியத்தால் சாகும்.

சொல்லப்போனால் நோய் என்று வருகிறவற்றில் பெரும்பங்கு நோயே இல்லை. நேற்று வாங்கிய தொட்டி, நேற்றே விட்ட இருபது மீன், பிள்ளைகள் மாறி மாறிப் போடுகிற தீனி. நான்காவது நாள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரில் அம்மோனியா டெஸ்ட் போட்டால் பச்சையாக மாறும். போர்வெல் தண்ணீரின் பி.எச். அதிகம், அங்கே அதே அம்மோனியா இன்னும் கொடிய விஷம். மெட்ரோ வாட்டரை நேராகக் குழாயிலிருந்து விட்டிருந்தால் குளோரின். இவர்களுக்கு நான் விற்க எதுவும் இல்லை. தண்ணீரை மாற்று, தீனியை நிறுத்து என்று வெறுங்கையோடு அனுப்பினால், 'கடைக்காரனுக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று பக்கத்துக் கடையில் நீல மருந்து வாங்கிப் போவார்கள்.

நங்கூரப்புழு என்று எல்லோரும் சொல்வது புழுவே அல்ல. லெர்னியா என்கிற அது இறால், நண்டு குடும்பம். தங்கமீன், கோய் மீன்களின் உடம்பில் சின்னக் குச்சி குத்தி நிற்பது போலத் தெரியும், நுனியில் இரண்டு முட்டைப் பைகள். தலை சதைக்குள் கிளை விரித்துப் பிடித்திருப்பதால் சும்மா இழுத்தால் அறுந்து தலை உள்ளேயே தங்கிவிடும். ஈரத் துணியில் மீனைப் பிடித்து, தோலை ஒட்டினாற்போல் சிமிட்டாவால் கவ்வி, மெதுவாக நேராக இழுத்து, புண்ணில் போவிடோன் அயோடின் தொட்டு வைப்பேன். இதற்குப் புழு மருந்து எதையும் போட்டுப் பயனில்லை. டைஃப்ளூபென்சுரான் என்கிற மருந்து அதன் குஞ்சுகள் தோல் உரிக்க விடாமல் தடுக்கும். வளர்ந்ததைக் கையால் எடு, குஞ்சை மருந்தால் தடு. இதே மருந்து தொட்டியில் இருக்கிற அலங்கார இறால்களையும் ஒழித்துவிடும், உறவுமுறை அப்படி.

ஏஞ்சலும் டிஸ்கஸும் வெள்ளையாக, வழுவழுப்பான நீளக் கழிவு போட்டு, தீனியைக் கவ்வித் துப்பினால், குடலில் ஸ்பைரோநியூக்ளியஸ் என்கிற ஒற்றைச் செல் உயிர் பெருகியிருக்கலாம். 400 மில்லிகிராம் மெட்ரோனிடசோல் மாத்திரை 60 லிட்டருக்கு ஒன்று. தினம் கொஞ்சம் தண்ணீர் மாற்றி மறுபடி போட வேண்டும். தின்கிற நிலையில் இருந்தால் தீனியில் கொடுப்பதே மேல். வெள்ளைக் கழிவைப் பார்த்துப் 'புழு' என்று லெவமிசோல் வாங்கிப் போனால் ஒன்றும் நடக்காது.

தொடவே தொடாத நோயும் உண்டு. முதுகெலும்பு வளைந்து, வயிறு ஒட்டி, ஒன்று இரண்டாக மாதக்கணக்கில் செத்துக்கொண்டே இருக்கிற கப்பித் தொட்டியைப் பார்த்தால் மீன் காசநோயைச் சந்தேகப்படுவேன். மைக்கோபாக்டீரியம் மரைனம் மனிதர் கையையும் விடாது. வெட்டுக்காயத்தோடு தொட்டியில் கை விட்டவர்களுக்கு விரலிலும் முன்கையிலும் ஆறாத முடிச்சுகள் வரும். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். தோல் மருத்துவரிடம் போகும்போது 'வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது' என்று சொல்லுங்கள், நீங்கள் சொல்லாவிட்டால் அவர் கேட்கமாட்டார். அந்தத் தொட்டிக்கு நான் மருந்து தருவதில்லை. மீனை மயக்கி முடித்து, தொட்டியைக் கழுவிக் காயவைக்கச் சொல்வேன். வாயால் சைஃபன் உறிஞ்சுகிறவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

புழுவெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். சாக்கடைச் சேற்றிலிருந்து அள்ளிவருகிற ட்யூபிஃபெக்ஸ், குட்டையிலிருந்து வருகிற உயிர்த்தீனி, எல்லாவற்றுக்கும் மேலாகப் புது மீன். புது மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். வீட்டில் வளர்க்கிறவருக்கு அது முடியும்: ஒரு பிளாஸ்டிக் டப்பு, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். வாரத்துக்கு இரண்டு லோடு இறங்குகிற கடைக்காரரிடம் நான்கு வாரம் என்றால் சிரிப்பார். வாடகை, கரண்ட் பில், சாகிற கணக்கு எல்லாம் போட்டால் அவர் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. நானே நான்கு வாரம் வைப்பதில்லை. பத்து நாள் வைக்கிறேன்: வந்த அன்று பத்துக்கு ஒரு மீனுக்குத் தோல் சுரண்டிப் பார்ப்பது, சந்தேகம் இருந்தால் பிராஸிகுவான்டெல், கப்பி என்றால் சந்தேகம் இல்லாவிட்டாலும் லெவமிசோல். அந்தத் தொட்டிகளுக்குச் சிவப்பு ஸ்டிக்கர், 'விற்பனைக்கு இல்லை' என்று எழுதி ஒட்டியிருக்கும். கடைக்குள் நுழைகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் நேராக அந்தத் தொட்டிக்குத்தான் போய், "இதுல ஒரு ஜோடி குடுங்கண்ணா" என்பார்கள்.